லூயி மால்: இவ்வளவு செய்தும் இந்தப் பெயர் ஏன் நம் பேச்சில் வருவதில்லை?

பேரொளி எழுதியது:

பிரெஞ்சு சினிமா என்று பேச்செடுத்தாலே கோதார், த்ரூஃபோவில் தொடங்கி ரோமர், ஷப்ரோல், ரிவெட் வரை வரிசை தானாக வந்துவிடுகிறது. இன்னும் உள்ளே போகிறவர்கள் ப்ரெஸ்ஸோன், மெல்வில், வர்தா என்பார்கள். லூயி மால் பெயர் மட்டும் யாராவது கேட்டால்தான் வரும். எனக்கு இது வெகுநாளாக உறுத்துகிறது.

அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். 1932இல் வட பிரான்சில் துமரீஸ் என்ற ஊரில் பிறந்தவர். தாய்வழியில் சர்க்கரை ஆலை முதலாளிக் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. பாரிஸ் திரைப்படப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவரைக் கடலாய்வாளர் குஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலில் சேர்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து இயக்கிய 'தி சைலண்ட் வேர்ல்ட்' என்ற ஆவணப்படம் 1956இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனையை வாங்கியது. மாலுக்கு அப்போது வயது 23. அதன்பின் 2004 வரை வேறெந்த ஆவணப்படத்துக்கும் அந்த விருது போகவில்லை.

அங்கிருந்து நேராக ப்ரெஸ்ஸோனிடம் போய் உதவியாளராக வேலை பார்த்தார். 1958 ஜனவரியில் 'எலிவேட்டர் டு தி கேலோஸ்' வெளியானது. த்ரூஃபோவின் '400 ப்ளோஸ்' 1959, கோதாரின் 'ப்ரெத்லெஸ்' 1960. அசல் தெரு, கிடைத்த வெளிச்சம், மேக்கப் இல்லாத முகம் என்று எவற்றைக் கோதார், த்ரூஃபோ கூட்டம் கொண்டுவந்த புதிய அலை சினிமாவின் அடையாளமாகச் சொல்கிறோமோ அவையெல்லாம் அந்தப் படத்தில் முன்பே இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காயே அதை முடித்துவிட்டுத்தான் த்ரூஃபோவின் படத்துக்குப் போனார்.

ஆனாலும் புதிய அலை வரலாறு எழுதும்போது மால் ஓரத்தில் நிற்கிறார். அவர் 'கயே து சினிமா' இதழில் விமர்சனம் எழுதியவர் இல்லை, அந்தக் கூட்டத்தோடு வளர்ந்தவரும் இல்லை. இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம், ஒரு படம் போல இன்னொரு படம் அவர் எடுக்கவே இல்லை. குற்றப்படம், காதல், கோமாளித்தனம், தற்கொலைக்கு முந்தைய நாள், இந்தியா, நாஜிக் காலம், அமெரிக்கக் கடலோர நகரம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினார். ரசிகர்களுக்கு ஒரு முத்திரை வேண்டியிருக்கிறது. முத்திரை குத்த முடியாதவரை மறந்துவிடுகிறோம். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தஞ்சை வாசகன் எழுதியது:

பேரொளி அண்ணா, தகவல்கள் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில், அவர் புகழ் இல்லாதவர் அல்ல. வெனிஸில் தங்கச் சிங்கம் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். 1980இல் 'அட்லாண்டிக் சிட்டி'க்காக, அமெரிக்க இயக்குநர் கஸாவெட்டிஸோடு பகிர்ந்துகொண்டு. 1987இல் 'ஓ ருவார் லெ ஸான்ஃபான்' படத்துக்காகத் தனியாக. 'அட்லாண்டிக் சிட்டி' சிறந்த படம், இயக்கம் உட்பட ஐந்து ஆஸ்கர் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. ஃபிரான்சில் வேறு எத்தனை பேர் இதைச் சாதித்திருக்கிறார்கள்?

வாழும்போது அவருக்குக் கூட்டமும் இருந்தது, விருதும் இருந்தது. இறந்தபின் அவரைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு. ஏன் என்றால், போய்ச் சேர அங்கே ஓர் இடம் இல்லை. ப்ரெஸ்ஸோன் படத்தில் ஒரு கையை மட்டும் காட்டினாலும் அது அவருடையது என்று சொல்லிவிடலாம். ரோமர் படத்தில் இருவர் நடந்துகொண்டே பேசினால் போதும். மால் படத்தில் எந்தச் சட்டகத்தை நிறுத்தி இது மால் என்பீர்கள்?

நடிகை பார்தோவை வைத்து 'எ வெரி பிரைவேட் அஃபேர்', பார்தோவையும் மோரோவையும் மெக்சிகோவுக்குக் கூட்டிப்போய் 'விவா மரியா', பெல்மோண்டோவை வைத்து 'தி தீஃப் ஆஃப் பாரிஸ்'. எல்லாம் நன்றாகத் தைத்த சட்டைகள். ஆனால் அவற்றைப் போட்டிருப்பவர் யார் என்று தெரியவில்லை. 1984இல் அமெரிக்காவில் எடுத்த 'க்ராக்கர்ஸ்' பக்கம் நான் போகவே இல்லை.

பல வகைப் படம் எடுப்பதை ஒரு தகுதியாக நான் மதிக்கிறேன். அது மட்டுமே ஒருவரைப் பெரிய கலைஞர் ஆக்கிவிடாது.

கடல்நாரை எழுதியது:

எந்தச் சட்டகத்தை நிறுத்துவது என்று தஞ்சை கேட்டதால் சொல்கிறேன். இரவு, ஷான்ஸெலிஸே சாலை, ழான் மோரோ தனியாக நடக்கிறார். காதலன் வரவில்லை. அவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. கடைக் கண்ணாடிகளிலிருந்து வரும் வெளிச்சத்தைத் தவிர முகத்தில் வேறு விளக்கு இல்லை. கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் எடுத்தார்கள். அதுவரை மோரோவை ஸ்டுடியோ விளக்கில் மட்டுமே பார்த்திருந்தவர்களுக்கு அந்த முகம் புதிது.

அதற்கு மேல் மைல்ஸ் டேவிஸின் எக்காளம். 1957 டிசம்பரில் ஒரே இரவில், காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே வாசித்துப் பதிவு செய்தது. முழுக்க எழுதிவைத்த இசைக் குறிப்பு எதுவும் இல்லை. கென்னி க்ளார்க் ட்ரம்ஸ், மூன்று பிரெஞ்சுக்காரர்கள் உடன். ஜாஸ் கேட்கிறவர்கள் படத்தைப் பார்க்காமலே அந்த இசைத்தட்டை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நானும் அந்த வழியாகத்தான் மாலிடம் வந்தேன்.

அந்த இசையை அவர் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். 25 வயதுக்காரர் கையில் மைல்ஸ் டேவிஸ் கிடைத்தால் படம் முழுக்க ஓடவிட்டிருப்பார். இவர் பெரும்பகுதியை மௌனத்துக்கு விட்டுவிட்டார்.

நட்டுவாங்கம் எழுதியது:

யாரும் இன்னும் சென்னையைத் தொடவில்லையே!

1968இன் முதல் மாதங்களில் மால் இந்தியாவில் சுற்றினார். உடன் வந்தவர்கள் ஒளிப்பதிவுக்கு எத்தியேன் பெக்கர், ஒலிக்கு ழான் க்ளோத் லொரூ, அவ்வளவுதான். திரைக்கதையும் இல்லை, திட்டமும் இல்லை. அதிலிருந்து பிறந்தவைதான் 'கல்கத்தா' என்ற தனிப்படமும், பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கான 'ஃபாண்டம் இந்தியா' என்ற ஏழு பகுதித் தொடரும். தொடர் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாம் பகுதியின் தலைப்பே மதராஸில் கண்டவை என்பதுதான்.

அந்தப் பகுதியைப் பார்க்காத தமிழ் சினிமா ரசிகர்கள் தயவுசெய்து தேடிப் பாருங்கள். மயிலாப்பூர் தேர் வருகிறது. வடத்தைப் பிடித்திருக்கும் கைகளும், நெரிசலில் ஒதுங்கும் முகங்களும், மேலே அசையும் தேரும் அவசரமில்லாமல் ஓடுகின்றன. 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பும் அதில் இருக்கிறது. அந்த வருடம் ஜூலையில் வெளியாகி நம் எல்லார் வீட்டுச் சொத்தாகப் போகிற படம், இன்னும் முடியாமல் ஸ்டுடியோவுக்குள் இருக்கிறது. அதை ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே பகுதியில் கலாக்ஷேத்ரா வகுப்பும் வருகிறது. நாட்டியம் கற்பிக்கிறவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டார் எடுத்த பரதநாட்டியப் பதிவுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கண்ணையும் முத்திரையையும் தனித்தனியாக வெட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மால் அப்படிச் செய்யவில்லை. உடல் முழுதும் தெரிகிற மாதிரி நிற்கிறார், அடவு முடியும் வரை காத்திருக்கிறார். தொடர் முழுக்கத் தன் குரலில் பேசிக்கொண்டே வருகிறவர் அங்கே பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறார். அரைமண்டி எப்படி உட்காருகிறது, தட்டுக்கழியின் சத்தத்துக்குக் கால் எப்படிப் பதில் சொல்கிறது என்று மாணவிகளுக்குக் காட்ட இன்றும் அந்தக் காட்சி எனக்குப் பயன்படுகிறது.

தஞ்சை தம்பி கேட்ட முத்திரை எனக்கு இங்கேதான் தெரிகிறது. தன்னைவிடப் பெரிய ஒன்று எதிரே வந்தால் விலகி நின்று இடம் விடுகிறார்.

வடசென்னை எழில் எழுதியது:

அக்கா சொன்ன நாட்டியக் காட்சியை நானும் மதிக்கிறேன். தொடரின் மற்ற ஐந்தரை மணி நேரத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

முதல் பகுதியில் செத்த மாட்டைக் கழுகுகள் தின்பதை நிதானமாகக் காட்டுகிறார். அது இங்கே நடக்காத காரியமா என்று கேட்பீர்கள். நடப்பதுதான். ஆனால் இங்கே வந்து இறங்கும் ஒரு ஐரோப்பியக் கண்ணுக்கு இந்தியாவின் முதல் அத்தியாயமாக அது ஏன் தோன்ற வேண்டும்? சாதி பற்றித் தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறார். அதில் ஒடுக்கப்பட்ட மக்களின் முகம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய மாலின் கருத்து நிறையவே இருக்கிறது. அவர்கள் பேச்சு எவ்வளவு இருக்கிறது? ஆங்கிலம் தெரிந்தவர்கள் கேமராவைப் பார்த்து விளக்கம் சொல்கிறார்கள். தெரியாதவர்கள் பார்க்கப்படுகிறார்கள்.

1968 தமிழ்நாட்டில் மக்கள் வாயடைத்துக் கிடக்கவில்லை. அண்ணா முதலமைச்சர். இருமொழிக் கொள்கைத் தீர்மானம் அந்த ஜனவரியில்தான் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தெருமுனைக்குத் தெருமுனை கூட்டமும் பேச்சும் நடந்துகொண்டிருந்த காலம். பேச ஆயிரம் பேர் இருந்த ஊரில் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது அவருடைய தேர்வு. பணக்கார வீட்டுப் பிள்ளை உலகம் சுற்றும்போது எடுத்த நாட்குறிப்பாக அதை ஏற்கிறேன். இந்தியாவைப் பற்றிய மாபெரும் ஆவணம் என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

பேரொளி எழுதியது:

எழில் தோழர், உங்கள் கேள்வி கனமானது, சுற்றி வளைக்காமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மால் இந்தச் சிக்கலை ஒளிக்கவில்லை. முதல் பகுதிக்கே இயலாத கேமரா என்றுதான் பெயர் வைத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் போவதே ஒரு அத்துமீறல் என்று தன் குரலில் சொல்கிறார். மக்கள் லென்ஸையே வெறித்துப் பார்க்கும் காட்சிகளை வேறு யாராக இருந்தாலும் கழித்துக் கட்டியிருப்பார்கள், அவர் அவற்றை வைத்துக்கொண்டார். பார்க்கப்படுகிறவர்கள் திருப்பிப் பார்ப்பதும் படத்தில் இருக்கிறது.

கழுகுக் காட்சியைப் பொறுத்தவரை, இந்திய அரசும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான் இருந்தது. 1970இல் பிபிசி இந்தத் தொடரை ஒளிபரப்பியபோது தில்லியிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிபிசியின் தில்லி அலுவலகமே சில காலம் மூடப்பட்டது. வறுமையை மட்டும் காட்டி நாட்டை இழிவு செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆனால் நீங்கள் சொல்வதும் அரசு சொன்னதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வறுமையைக் காட்டியதே பிரச்சினை. உங்களுக்கு அந்த மக்களைப் பேசவிடாததுதான் பிரச்சினை.

அந்தத் தொடரில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் வருகிறது, கொச்சி யூதர்கள் வருகிறார்கள், பம்பாய்க்குத் தனிப் பகுதியே இருக்கிறது. இவ்வளவு அகலமாகப் போனால் ஆழம் குறையும். அந்தக் குறையோடுதான் நான் அதை நேசிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பியவர் அந்த மே மாதமே கான் விழா நடுவர் குழுவில் உட்கார்ந்தார். பாரிஸில் மாணவர் கிளர்ச்சி. போலன்ஸ்கி, மோனிகா வித்தி இவர்களோடு மாலும் குழுவிலிருந்து விலகினார், விழா பாதியில் நின்றது. பணக்கார வீட்டுப் பிள்ளை என்பது உண்மை. ஆனால் 1968க்குப் பின் அவர் எடுத்த படங்கள் அவர் பிறந்த வர்க்கத்துக்கு வசதியாக இல்லை.

வடசென்னை எழில் எழுதியது:

அத்துமீறுகிறேன் என்று அறிவித்துவிட்டு அத்துமீறினால் அது நேர்மை, அவ்வளவுதான். எதிரே நின்றவருக்கு அதனால் ஒரு வார்த்தையும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

அரசு செய்த தடையை நான் ஒரு நாளும் ஆதரிக்க மாட்டேன். படம் எல்லாரும் பார்க்கக் கிடைக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சண்டை போடுவோம்.

லா ஷப்பல் எழுதியது:

நான் பாரிசில இருக்கிறன். இஞ்ச அவரை யாரும் மறக்கேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான்.

'ஓ ருவார் லெ ஸான்ஃபான்' இஞ்ச பள்ளிக்கூடங்களில காட்டுற படம். என்ர மகளும் வகுப்பில பார்த்திட்டு வந்தவ. வீட்டை வந்து கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு நானும் அவவோட இருந்து பார்த்தன்.

கதை தெரியாதாக்களுக்குச் சொல்லுறன். ஃபோந்தென்ப்ளோவுக்குப் பக்கத்தில அவோன் எண்ட இடத்தில கார்மல் சபைக் குருமார் நடத்தின விடுதிப் பள்ளிக்கூடம். 1944 ஜனவரி. பள்ளியின்ர தலைமைக் குரு பேர் ழாக், மூண்டு யூதப் பெடியங்களை வேற பெயரில சேர்த்து மறைச்சு வச்சிருந்தவர். ஆரோ காட்டிக்குடுக்க, நாஜி ரகசியப் பொலிஸ் கெஸ்தாபோ வந்து நாலு பேரையும் கொண்டு போட்டுது. பெடியங்கள் அவுஷ்விட்சில செத்துப்போச்சினம். குரு மவுத்தவுசன் முகாமில இருந்து விடுதலையாகிக் கொஞ்ச நாளிலேயே, 1945 ஜூனில செத்துப்போனார். அண்டைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில நிண்டு இதைப் பார்த்த 11 வயசுப் பிள்ளை லூயி மால்.

படத்தில கெஸ்தாபோக்காரன் வகுப்புக்குள்ள வந்து யூதப் பிள்ளை ஆர் எண்டு கேட்கிறான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அவன் திரும்பி நிக்கேக்க, மாலின்ர இடத்தில வாற பெடியன் ழூலியான் தன்ர சினேகிதனை ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பார்வை போதும், பிடிபட்டுப் போகுது. கெட்ட நோக்கம் ஒண்டும் இல்லை, ஒரு சின்னப் பிள்ளையின்ர கண் அது. அதை 40 வருசத்துக்கு மேல ஒரு மனுசன் சுமந்திருக்கிறார். போரைக் கண்ட எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முடிவில கேட்கிற குரல் மாலின்ர சொந்தக் குரல். அந்த ஜனவரிக் காலையின்ர ஒவ்வொரு நொடியும் சாகும்வரைக்கும் ஞாபகம் இருக்கும் எண்டு சொல்லுறார்.

தஞ்சை வாசகன் எழுதியது:

அக்கா, இந்தப் படத்துக்கு முன் நான் வாதம் செய்ய மாட்டேன். ஃபிரான்சில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் பார்த்த படம், ஃபிரான்சின் திரைப்பட விருதான செஸார் ஏழு. ஆஸ்கர் மட்டும் அந்த ஆண்டு டென்மார்க்கின் 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' படத்துக்குப் போனது.

ஆனால் இதோடு 'லகோம்ப், லூசியான்' படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974இல் வந்தது. பின்னாளில் நோபல் வாங்கிய மோதியானோவோடு சேர்ந்து எழுதியது. 1944 கோடை, தென்மேற்கு ஃபிரான்ஸ், லூசியான் என்ற கிராமத்துப் பையன். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய எதிர்ப்புப் படையில் சேரப் போகிறான். நீ சின்னப் பையன் என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிடுகிறார். அடுத்து ஜெர்மானியருக்கு வேலை செய்யும் கூட்டத்தில் போய் விழுகிறான். அவர்கள் அவனுக்கு மது கொடுக்கிறார்கள், நல்ல சட்டை தைத்துக் கொடுக்கிறார்கள், துப்பாக்கி கொடுக்கிறார்கள். கொள்கை ஏதும் இல்லை. யாரோ தன்னை மதிக்கிறார்கள் என்பது போதுமாயிருக்கிறது. நடித்தவர் பியேர் ப்ளேஸ், அதற்குமுன் கேமரா பார்க்காத பையன், மறுவருடமே கார் விபத்தில் இறந்துபோனார்.

நாடே எதிர்ப்புப் படையில் இருந்தது என்ற கதையைச் சொல்லி வளர்ந்த ஃபிரான்சுக்கு இது வலித்தது. காட்டிக்கொடுத்தவனை அரக்கனாகக் காட்டியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனாகக் காட்டியதை இடதுசாரிகளும் மன்னிக்கவில்லை, வலதுசாரிகளும் மன்னிக்கவில்லை. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு சில ஆண்டுகளில் அமெரிக்கா போய்விட்டார்.

'ஓ ருவார்' படத்தில் சமையலறைப் பையன் ஜோசப் வருகிறானே, கள்ளச் சந்தை வியாபாரத்துக்காக வேலையை விட்டுத் துரத்தப்படுகிறவன், கடைசியில் காட்டிக்கொடுப்பவன், அவன் லூசியானேதான். அவனோடு சேர்ந்து பண்டமாற்று செய்த பணக்காரப் பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனை இல்லை. ஏழை மட்டும் வெளியே போகிறான். அதே நியாயத்தை மால் இரண்டு முறை, பதின்மூன்று வருட இடைவெளியில், இரண்டு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்.

என் கட்சி இதுதான்: சொந்தமாகச் சொல்ல அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. அதை ஒத்திப்போட்டுக்கொண்டே போனார். நடுவில் எடுத்த பல படங்கள் அந்தத் தள்ளிப்போடல். அதனால்தான் மொத்தமாகப் பார்க்கும்போது ஒட்டவில்லை.

கடல்நாரை எழுதியது:

தஞ்சை, 'தி ஃபயர் விதின்' பார்த்துவிட்டுமா தள்ளிப்போடல் என்கிறீர்கள்? 1963. மதுவிலிருந்து மீண்டுவரும் ஒருவன் பாரிஸில் பழைய நண்பர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான், வாழ ஒரு காரணம் கிடைக்குமா என்று. மோரிஸ் ரோனேயின் முகம், இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் பியானோ, வேறொன்றும் இல்லை. இயக்கியவருக்கு 30 வயது. மாலின் படங்களில் என் மனதில் முதலிடம் இதற்குத்தான். சொந்தமாகச் சொல்ல ஏதும் இல்லாதவர் எடுக்கிற படமா இது?

புதுயுகன் எழுதியது:

நான் கல்லூரி மாணவன். இவரது ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, இழை முழுக்கப் படித்தேன். எதில் தொடங்கலாம்? 'தி லவ்வர்ஸ்' என்ற படத்துக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்ததாக எங்கோ படித்தேன், அது என்ன?

பேரொளி எழுதியது:

தம்பி, வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 'தி லவ்வர்ஸ்' 1958 படம், வசதியான வீட்டு மனைவி ஒரே இரவில் அறிமுகமானவனோடு வீட்டை விட்டுப் போகிற கதை. ஒஹையோ மாநிலத்தில் அதைத் திரையிட்ட அரங்க மேலாளருக்கு ஆபாசம் என்று அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல் தண்டனை ரத்தானது. ஆபாசம் எது என்று வரையறுக்க என்னால் முடியாது, பார்த்தால் எனக்குத் தெரியும், இந்தப் படம் அது இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. இப்போது பார்த்தால் படத்தின் துணிச்சல் உடலில் இல்லை, அவள் குழந்தையையும் விட்டுவிட்டுப் போவதிலும் அதற்காகப் படம் அவளைத் தண்டிக்காததிலும் இருக்கிறது.

தொடங்குவதற்கு 'எலிவேட்டர் டு தி கேலோஸ்'. ஒன்றரை மணி நேரம், விறுவிறுப்பு, உடனே பிடித்துப்போகும். அடுத்து 'அட்லாண்டிக் சிட்டி'. பெர்ட் லங்காஸ்டர் வயதான சின்ன ரவுடியாக, தான் பெரிய ஆளாக இருந்த காலம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு வாழ்கிறார். இடிக்கப்படும் பழைய ஓட்டல்களும் எழும்பும் சூதாட்ட விடுதிகளும் சூழ அந்த ஊரை ஒரு வெளிநாட்டவர் அவ்வளவு பரிவோடு பார்த்திருக்கிறார். பிறகு 'மை டின்னர் வித் ஆந்த்ரே'. உணவகத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள், முழுப் படமும் அதுதான். சலிக்காது, நம்புங்கள். அந்த இருவரோடு மீண்டும் சேர்ந்து 1994இல் செக்காவின் நாடகத்தை வைத்து 'வான்யா ஆன் 42ண்ட் ஸ்ட்ரீட்' எடுத்தார். மறுவருடம் நவம்பரில் இறந்தார், வயது 63.

'ஓ ருவார்' படத்தைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை வாசகன் எழுதியது:

தம்பி, ஒரே ஒரு திருத்தம். 'ஓ ருவார்' பார்ப்பதற்கு முன் 'லகோம்ப், லூசியான்' பார்த்துவிடுங்கள். வரிசை மாறினால் ஜோசப்பை நீங்கள் வெறுத்துவிடுவீர்கள்.

வடசென்னை எழில் எழுதியது:

'ஃபாண்டம் இந்தியா'வையும் விட்டுவிடாதீர்கள் தம்பி. இரண்டாம் பகுதியை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். 1968இல் சென்னையில் இருந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள். மால் கேட்காமல் விட்டதை நாமாவது கேட்போம்.

நட்டுவாங்கம் எழுதியது:

எழில் சொன்னதை வழிமொழிகிறேன். கலாக்ஷேத்ரா காட்சியில் இருக்கும் மாணவிகளை அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பெயரை இங்கே போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று அவர்களிடமே கேட்க ஆசை.

லா ஷப்பல் எழுதியது:

பிரெஞ்சுப் பதிப்பில மாலின்ர சொந்தக் குரல் கேட்கலாம். ஆருக்காவது அதில வாற விளக்கங்கள் விளங்கேல்லை எண்டால் எழுதுங்கோ, நான் தமிழில எழுதி இஞ்ச போடுறன். மதராஸ் பகுதியில இருந்து தொடங்குவம்.